யெண்டெ ஏரியைச் சுற்றி நடக்க: முதலில் படகு, அப்புறம் நடை

நார்வேயின் யோடுன்ஹெய்மன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது யெண்டெ ஏரி. நீளம் 18 கிலோமீட்டர், அகலம் கொஞ்சம்தான், கடல் மட்டத்திலிருந்து 984 மீட்டர் உயரம். பனியாறுகள் அரைத்துத் தள்ளும் கல்மாவு கலந்திருப்பதால் கோடையில் தண்ணீர் பச்சையாகத் தெரியும். அதன் மேலே நிற்கும் பெஸ்ஸெக்கன் என்ற பாறை விளிம்பின் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் கிளம்புகிறார்கள், நானும் அப்படித்தான்.

நடை கடினம்தான், ஆனால் என்னைத் திணற வைத்தது அதற்கு முந்தைய வேலை. படுக்கை ஓரிடத்தில், படகு இன்னோரிடத்தில், பேருந்து வேறோரிடத்தில், பாதி விவரம் நார்வேஜியனில். விசாவுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும், தங்குமிடம் பிடிக்கத் தேதி வேண்டும், தேதி முடிவு செய்யப் படகின் கால அட்டவணை வேண்டும். இந்தச் சிக்கலை எந்த நுனியிலிருந்து அவிழ்ப்பது என்று தெரிந்திருந்தால் பல இரவுகள் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை: இங்கே யெண்டெ என்று நான் எழுதும் பெயர் பலகையிலும் டிக்கெட்டிலும் 'ஜி, ஜே' என்ற எழுத்துகளில் தொடங்கும். தேடும்போது அப்படித் தேடுங்கள்.

1. திசையை முடிவு செய்யுங்கள்

ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்கு முனையில் யெண்டெஸ்ஹெய்ம். சாலை, பேருந்து, படகுத்துறை எல்லாம் அங்கேதான். வடகரையின் நடுவில் மெமுருபு, மேற்கு முனையில் யெண்டெபு. இந்த இரண்டுக்கும் சாலை கிடையாது. நடந்து போகலாம், படகில் போகலாம், அவ்வளவுதான்.

தென்கரை செங்குத்தாக ஏரிக்குள் இறங்குகிறது, அதன் நீளம் முழுக்க நடக்கப் பாதை இல்லை. அதனால் ஏரியைச் சுற்றுவது என்றால் ஒரு பக்கம் படகு, மறுபக்கம் வடகரை மலைமேல் நடை. முதலில் நடந்துவிட்டுப் படகில் திரும்புவதா, படகில் போய்விட்டு நடந்து திரும்புவதா என்பதுதான் கேள்வி.

என் பதில்: படகை முதலில் எடுங்கள். ஏரியின் கடைசி முனையான யெண்டெபு வரை படகில் போய், அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்து திரும்புங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நடந்து முடிக்கும் இடத்தில் சாலை இருக்கும். கடைசிப் படகைப் பிடிக்க மலையில் ஓட வேண்டியதில்லை. இரண்டு, இந்தப் பாதையின் ஆபத்தான இரண்டு பகுதிகளும் (யெண்டெபு பக்கத்தில் புக்கெலேகரெ சரிவு, கடைசி நாளில் பெஸ்ஸெக்கன்) இந்தத் திசையில் ஏற்றமாக வரும். செங்குத்துப் பாறையில் கையூன்றி ஏறுவதற்கும் அதே பாறையில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதா? காலைப் படகில் மெமுருபு வரை போய் பெஸ்ஸெக்கன் வழியாகத் திரும்புங்கள். சுமார் 14 கிலோமீட்டர். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள், முதல்முறை போகிறவர்கள் எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. தேதி

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை. ஜூனில் படகு ஓடத் தொடங்கிவிடும், ஆனால் மேலே பனி கிடக்கும். படகு ஓடுகிறது என்பதற்காகப் பாதை திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். செப்டம்பர் நடுவுக்குப் பிறகு பகல் சுருங்கும், விடுதிகள் ஒவ்வொன்றாக மூடும், புதுப் பனி விழலாம்.

ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் வார இறுதி வேண்டாம். பெஸ்ஸெக்கன் நார்வேக்காரர்கள் ஒருமுறையாவது ஏற நினைக்கும் மலை. சனிக்கிழமை நண்பகலில் அந்தப் பாறையில் வரிசை நிற்கும். செவ்வாய், புதன் மாதிரி நாள் பாருங்கள். எனக்குக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம்: கூட்டம் குறைவு, கொசு குறைவு, மேலே புதர்கள் சிவக்கத் தொடங்கியிருக்கும்.

திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மழைக்காக, அதைவிடக் காற்றுக்காக.

3. முன்பதிவு: படுக்கை, படகு, பேருந்து

முதலில் படுக்கை. யெண்டெஸ்ஹெய்மும் யெண்டெபுவும் நார்வே மலைநடைச் சங்கமான டி.என்.டி.யின் விடுதிகள். மெமுருபு தனியார் விடுதி, அதன் பதிவு தனி இணையதளத்தில். ஒரு கணக்கில் மூன்றையும் பதிந்துவிடலாம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். கோடைக்குப் போவதென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே பாருங்கள், தனி அறைகள்தான் முதலில் தீரும். பல பேர் படுக்கும் பொது அறைதான் மலிவு.

டி.என்.டி.யில் வெளிநாட்டவரும் உறுப்பினர் ஆகலாம், இணையத்திலேயே பணம் கட்டலாம். உறுப்பினருக்குப் படுக்கை, சாப்பாடு இரண்டிலும் தள்ளுபடி உண்டு. சங்க விடுதிகளில் ஓரிரவுதான் என்றால் சந்தா கட்டுப்படியாகாது, மூன்று நான்கு இரவு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைப் பதியும்போதே எழுதிவிட வேண்டும். போய் இறங்கிய பின் சொன்னால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் சில இடங்களில் மீன் வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை எது வேண்டாமோ அதைத் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்து படகு. டிக்கெட் இணையத்தில் கிடைக்கும், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்கானது. கோடை நாட்களில் காலைப் படகு முன்கூட்டியே நிரம்பிவிடும், துறையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். எல்லாப் படகும் யெண்டெபு வரை போகாது, சில மெமுருபுவோடு திரும்பிவிடும். அட்டவணையில் கடைசி நிறுத்தத்தைப் பார்த்து வாங்குங்கள். மெமுருபுவுக்கு இருபது நிமிடம், யெண்டெபுவுக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும்.

பேருந்தைக் கடைசியில் பாருங்கள். 'என்டூர்' என்ற செயலியில் நார்வேயின் ரயில், பேருந்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

4. விசா

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பயணத்தில் வேறு ஷெங்கன் நாடும் சேர்கிறது என்றால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு நடைமுறை இது. நார்வே குடியேற்ற இயக்ககமான யூ.டி.ஐ.யின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கட்டணம் கட்டுங்கள், பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கி ஆவணங்களும் கைரேகையும் கொடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு வர 15 நாள் என்பது விதி, அது 45 நாள் வரை நீளலாம் என்பதும் விதிதான். கோடையில் மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். ஆகஸ்ட் பயணத்துக்கு ஏப்ரலில் கொடுத்துவிடுங்கள்.

எடுத்துவைக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட். பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டது, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவது, இரண்டு பக்கம் காலியாக இருப்பது.
- மருத்துவக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும்.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை மற்றும் விடுப்புக் கடிதம், வருமான வரி ஆவணம்.
- போக வர விமானப் பதிவு. விசா வரும்முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட் வாங்க வேண்டாம்.
- ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம்.

கடைசி வரியில்தான் மலைக்குப் போகிறவர்கள் மாட்டுவார்கள். 'காட்டில் கூடாரம் போடுவேன்' என்பது நார்வேயில் சட்டப்படி சரி, ஆனால் விசா கோப்பில் ஓட்டை மாதிரி தெரியும். எல்லா இரவுக்கும் படுக்கைப் பதிவு காட்டுவது நல்லது. கூடாரம்தான் என்றால் எந்த இரவு எங்கே என்று நாள்வாரியாக ஒரு பக்கம் எழுதி இணைத்துவிடுங்கள். விடுதிகளின் ரத்து விதிகளைப் பதியும் முன்பே படித்துக்கொள்ளுங்கள், விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்புமா என்பது அதில்தான் இருக்கிறது.

காப்பீட்டையும் ஒருமுறை படியுங்கள். சில காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றத்தை விலக்குகின்றன. இந்தப் பாதையின் உச்சி 1743 மீட்டர்தான், பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனால் 'சாகச விளையாட்டு' என்று மொத்தமாக விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். நார்வேயில் மலை மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, மருத்துவமனைக்கு உண்டு.

நல்ல செய்தி ஒன்று: பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது, வழிகாட்டி கட்டாயம் கிடையாது. வனத்துறை அனுமதிக்குப் பழகிய நமக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

5. செலவு

நார்வேயின் பணம் க்ரோனர், அன்றைய ரூபாய் மதிப்பைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஓஸ்லோவிலிருந்து பேருந்து, படகு இரண்டும் ஒவ்வொரு வழிக்கும் சில நூறு க்ரோனர். பெரிய செலவு விடுதி. உறுப்பினர் அல்லாத ஒருவருக்குப் படுக்கை, இரவு உணவு, காலை உணவு சேர்ந்து ஓரிரவுக்கு ஆயிரம் க்ரோனரைத் தாண்டிவிடும்.

குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று கூடாரம். நார்வேச் சட்டப்படி வீடு, விடுதிகளிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளித் திறந்த நிலத்தில் யாரும் கூடாரம் போடலாம், பணம் இல்லை. மெமுருபுவில் கட்டணக் கூடாரத் திடலும், யெண்டெஸ்ஹெய்முக்கு அருகே மவுர்வாங்கனில் முகாம் திடலும் இருக்கின்றன, குளியலறை வேண்டும் என்றால் அங்கே போகலாம். இன்னொன்று மதிய உணவு. காலை உணவு மேசையிலிருந்தே ரொட்டி, சீஸ் வைத்து மதியத்துக்குக் கட்டிக்கொள்ளலாம், பிளாஸ்கில் சுடுதண்ணீரும் நிரப்பித் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணமா, உள்ளடங்கியதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் கட்டினால் முறைப்பார்கள்.

அட்டை எல்லா இடத்திலும் செல்லும், ரொக்கம் தேவைப்படாது. நார்வேக்காரர்கள் 'விப்ஸ்' என்ற செயலியில் பணம் அனுப்புவார்கள், வெளிநாட்டுப் பயணியால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் வெவ்வேறு வங்கியின் இரண்டு அட்டைகள் வைத்திருங்கள்.

6. பையில் என்ன

காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடையும் கால்சட்டையும், உள்ளே போடக் கம்பளி, தொப்பி, கையுறை. ஆகஸ்டிலும் இவை வேண்டும். மேலே மதியத்தில் ஐந்து டிகிரியும் காற்றும் சேர்ந்தால் பருத்திச் சட்டை நனைந்த துணிதான். கணுக்காலை மூடும் ஷூ, ஏற்கெனவே போட்டுப் பழகியது. வழி முழுக்கக் கல்.

டி.என்.டி. விடுதிகளில் உறைபோல் தைத்த மெல்லிய படுக்கைத் துணி கட்டாயம். போர்வை அவர்கள் தருவார்கள், இந்த உறை நம்முடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே வாங்கச் சொல்வார்கள், மலை விலைக்கு.

கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஓஸ்லோவில் வாங்குங்கள். ஊரிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோகவும் தடை, ஆகவே பால்கோவாவை வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பருப்புப்பொடி, புளியோதரைப் பொடிக்குப் பிரச்சினை வரவில்லை. மளிகை வாங்க வழியில் ஃபாகர்னெஸ் அல்லது ஓட்டா. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

போனில் யூ.டி. டாட் என்.ஓ. (ut.no) என்ற மலைநடைத் தளத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிவையுங்கள். ஏரியின் நடுப்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும்.

7. ஓஸ்லோவிலிருந்து படகுத்துறை

கோடையில் ஓஸ்லோ பேருந்து நிலையத்திலிருந்து ஃபாகர்னெஸ் வழியாக யெண்டெஸ்ஹெய்முக்குப் பேருந்து உண்டு, சுமார் ஐந்து மணி நேரம். விமான நிலையத்திலிருந்து நேரே போகிறவர்களுக்கு இன்னொரு வழி: ட்ரொண்ட்ஹெய்ம் போகும் ரயில் ஓஸ்லோ விமான நிலையத்திலேயே நிற்கும், அதில் ஏறி ஓட்டாவில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ஊருக்குள் போய் வரும் அலைச்சல் மிச்சம். ஓட்டாவிலிருந்து பேருந்துகள் குறைவு, இணைப்பைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் வாங்குங்கள்.

காரில் போனால் படகுத்துறை வரை ஓட்டிப்போய் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே இடம் கொஞ்சம்தான். இரண்டு கிலோமீட்டர் முன்னால் ரெய்ன்ஸ்வாங்கனில் நிறுத்திவிட்டு இணைப்புப் பேருந்தில் போக வேண்டும். படகு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.

8. யெண்டெபுவிலிருந்து மெமுருபு

மதியப் படகில் யெண்டெபு போய்ச் சேருங்கள், இரவு அங்கே. ஷூவை வாசலில் கழற்ற வேண்டும், நனைந்ததை உலர்த்த அறை உண்டு. இரவு உணவு குறித்த நேரத்தில்தான், தாமதமாகப் போனால் சமையல்காரர் காத்திருக்க மாட்டார்.

மறுநாள் பாதை கரையோடு கொஞ்ச தூரம் போய், புக்கெலேகரெயில் திடீரென்று மேலே திரும்பும். செங்குத்து, சில இடங்களில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஈரமாக இருந்தால் மெதுவாக. அதைத் தாண்டினால் மேட்டுநிலம், பிறகு மெமுருபுவுக்கு இறக்கம். நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு, ஆறு வைத்துக்கொண்டால் நிம்மதி. கல் குவியல்களில் சிவப்பு வண்ணத்தில் ஆங்கில 'டி' எழுத்து போட்டிருக்கும், அதுதான் வழி. மூடுபனியில் அடுத்த 'டி' தெரியாமல் இந்த 'டி'யை விட்டு நகராதீர்கள்.

நீங்களாகக் கல் அடுக்கி வைக்க வேண்டாம். அழகுக்கு அடுக்கியது பின்னால் வருபவரை வழி தவறவைக்கும். பூங்காவுக்குள் ட்ரோனுக்கும் தடை. கலைமான் கூட்டம் எதிர்ப்பட்டால் உட்கார்ந்துவிடுங்கள், இந்தப் பக்கம் மேய்பவை பலவும் வளர்ப்பு மான்கள், துரத்திப் படமெடுத்தால் கூட்டம் சிதறும். குப்பையை, காகிதம் உட்பட, திரும்பக் கொண்டுவாருங்கள்.

9. பெஸ்ஸெக்கன்

முந்தைய இரவு 'இர்' என்ற நார்வே வானிலைச் செயலியில் காற்றைப் பாருங்கள். மழையைவிடக் காற்றுதான் முக்கியம். விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் என்றால் நான் ஏறமாட்டேன். விடுதி ஊழியர்களிடமும் கேளுங்கள், அவர்கள் மழுப்பாமல் சொல்வார்கள். ஏற வேண்டாம் என்றால் மெமுருபுவிலிருந்து யெண்டெஸ்ஹெய்முக்கு ஏரிக்கரையோடு சுமார் பத்து கிலோமீட்டர் பாதை இருக்கிறது, அதுவும் அழகுதான். படகும் இருக்கிறது.

ஏறுவதென்றால் காலை எட்டுக்குள் கிளம்புங்கள். மெமுருபுவில் நாளின் முதல் படகுக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் நீங்கள் மேலே இருக்கலாம். எடுத்த எடுப்பிலேயே செங்குத்து ஏற்றம், அப்புறம் ஏறி இறங்கி நீளும் முதுகு. பிறகு இரண்டு ஏரிகளுக்கு நடுவே குறுகிய நிலப்பட்டை வரும். இடப்பக்கம் பெஸ்வாட்னெ ஏரி 1373 மீட்டரில் நீலமாக, வலப்பக்கம் கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே யெண்டெ பச்சையாக. பாட்டிலை இங்கே பெஸ்வாட்னெயில் நிரப்பிவிடுங்கள், மேலே தண்ணீர் கிடையாது. சாப்பாட்டையும் இங்கேயே முடித்துவிட்டால் ஏறும்போது கை காலியாக இருக்கும். ஊன்றுகோலைப் பையில் கட்டிவிடுங்கள்.

அடுத்ததுதான் படத்தில் பார்த்த விளிம்பு. படத்தில் தெரிவதைவிட அகலம், ஆனால் பல இடங்களில் இரண்டு கையும் வேண்டும். கயிறு, கம்பி எதுவும் கிடையாது. உயரம் பயம் என்றால் இடப்பக்கமாக ஒட்டிப் போங்கள், ஏரியைப் பார்க்காமல் அடுத்த பிடியைப் பாருங்கள். முன்னால் ஒருவர் உறைந்து நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள், தாண்டிப்போக விளிம்புப் பக்கம் ஒதுங்கவும் கூடாது. சின்னக் குழந்தைகளை இங்கே கூட்டிவருவது எனக்குச் சரியாகப் படவில்லை, வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றாலும்.

மேலே வெஸ்லெஃபியெல்லெ, 1743 மீட்டர், பெரிய கல் குவியல். இங்கே எல்லோரும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். முடியவில்லை. யெண்டெஸ்ஹெய்ம் வரை 750 மீட்டருக்கு மேல் இறக்கம், உருளும் கல், சோர்ந்த கால். கணுக்கால் பிசகுவதற்கு ஏற்ற இடம் இது. ஊன்றுகோலை வெளியே எடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விபத்து நடந்தால் ஆம்புலன்சுக்கு 113, தேடுதலுக்கும் மீட்புக்கும் போலீஸ் எண் 112.

மாலைப் பேருந்து கிளம்பும் நேரத்தை அன்று காலையே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கிவிட முடியாது என்று தோன்றினால் அந்த இரவுக்கும் யெண்டெஸ்ஹெய்மில் ஒரு படுக்கை பதிந்துவைப்பதே சரி. நான் பதிந்துவைத்திருந்தேன், பேருந்து போன பிறகுதான் வந்து சேர்ந்தேன்.